ஞானப்பல் எடுத்து மூன்றாம் நாள்: எது சாதாரணம், எதற்கு டாக்டரைக் கூப்பிடணும்?

படிக்கட்டு (கேள்வி)

தங்கைக்கு 24 வயது. கீழே இரண்டு பக்கமும், மேலே வலது பக்கமும் ஆக மூன்று ஞானப்பற்களை ஒரே நாளில் எடுத்திருக்கிறார்கள். கீழ்ப்பற்கள் எலும்புக்குள் படுத்துக் கிடந்ததால் ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போட்டிருக்கிறார்கள். இப்போது சுமார் 60 மணி நேரம் ஆகிறது. ரத்தம் நின்றுவிட்டது. காய்ச்சல் இல்லை, தண்ணீர் விழுங்க முடிகிறது, புகைப்பழக்கம் இல்லை. வேறு நோயோ அலர்ஜியோ கிடையாது.

குழப்பம் எங்கே என்றால்:

வீக்கம் நேற்றைவிட இன்று அதிகம். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் குழிக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, சீழா என்று பயம். சீட்டில் ஐபுபுரூஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது. அவள் வலி தாங்காதபோது மட்டும் ஏதாவது ஒன்றைப் போடுகிறாள். வளைந்த முனை வைத்த ஒரு சிரிஞ்சும் கொடுத்திருக்கிறார்கள், எப்போது தொடங்குவது என்று சீட்டில் இல்லை. கடைசியாக, வலது கீழுதடும் தாடையும் இன்னும் மரத்தே இருக்கிறது.

எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது?

---

கடைவாய்

வீக்கத்தையும் வலியையும் தனித்தனியா கவனிங்க. ரெண்டுக்கும் கணக்கு வேற.

எலும்பைக் குடைஞ்சு எடுத்த கீழ்ப்பல்லுக்கு வீக்கம் உச்சத்துக்குப் போறதே 48லிருந்து 72 மணி நேரத்துக்குள்ளதான். அதனால 60 மணி நேரத்துல கன்னம் நேத்தைவிடப் பெரிசா இருக்கறது எதிர்பார்த்ததுதான். அன்னைக்கு டெக்ஸாமெத்தசோன் (வீக்கத்தைக் குறைக்கற ஸ்டீராய்டு) ஊசி போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்: மருந்தோட வேகம் இருக்கறவரை முகம் ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்துட்டு, அது தேய்ஞ்சதும் வீங்க ஆரம்பிக்கும். நாலாம் நாளிலிருந்து இறங்கணும். ஒரு வாரத்துல பெரும்பகுதி வடிஞ்சிடும். காலையில எழுந்ததும் கூடுதலாவும் சாயங்காலம் குறைவாவும் தெரியும், ராத்திரி முழுக்கப் படுத்திருக்கறதால. ரெண்டு தலையணை வெச்சுத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்க. தினமும் ஒரே நேரத்துல, ஒரே இடத்துல நிக்கவெச்சு ஒரு போட்டோ எடுத்துடுங்க. கண்ணாடியில பாத்துட்டு "கூடுதா குறையுதா"ன்னு வாதம் பண்றதைவிட அது மேல்.

ஐஸ் பேக்கோட வேலை முதல் ஒண்ணு ரெண்டு நாளோட முடிஞ்சுது. இனிமே வெதுவெதுப்பான ஈரத்துணி, கன்னத்துக்கு வெளிய, 15-20 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. ஆனா உதடும் தாடையும் மரத்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. அந்த இடத்துல சூடு பட்டா அவங்களுக்குத் தெரியாது. துணியை உங்க மணிக்கட்டோட உள்பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு அப்புறம் கன்னத்துல வைங்க. சூப்பு, காபிக்கும் இதே எச்சரிக்கைதான்.

வாய் திறக்காதது மெல்லும் தசை இறுகினதால. ஆபரேஷனும் காரணம், தாடையோட பின்பக்கம் போட்ட ஊசியும் காரணம். வலிக்குதுன்னு திறக்காமலே விட்டா இறுக்கம் நீடிக்கும். நாளைக்கு ஆரம்பிங்க: மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, ஒத்தடம் கொடுத்த கையோட, இறுக்கம் தெரியறவரை வாயைத் திறந்து ஐந்து விநாடி நிறுத்தி மூடணும். பத்து தடவை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு நாலு சுற்று. தட்டையான மரக்குச்சிகளை அடுக்கி, முன்பற்களுக்கு நடுவுல எத்தனை போகுதுன்னு எண்ணி வெச்சுக்கிட்டு நாளுக்கு ஒண்ணு கூட்டலாம். கையால தாடையைப் பிடிச்சு இழுக்கற வேலை வேண்டாம். தன்னோட மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா நுழைக்க முடிஞ்சா பழைய அளவுக்கு வந்தாச்சு. பத்து நாள் ஆகியும் அசையலைன்னாலோ, திறந்துக்கிட்டு வந்த வாய் மறுபடி இறுகினாலோ டாக்டர்கிட்ட காட்டணும்.

குழியில தெரியற வெள்ளை பெரும்பாலும் ஃபைப்ரின். ரத்தக்கட்டி மேல உருவாகற படலம், உள்ளே புதுத் திசு வளர்றதுக்கு அடையாளம். முழங்கால் சிராய்ப்பு மேல வர்ற பொருக்கு வாயோட ஈரத்துல ஊறினா இப்படித்தான் வெளுத்துத் தெரியும். தொடாதீங்க, பஞ்சால துடைக்காதீங்க. சீழ்னா அது ஒட்டிக்கிட்டு நிக்காது. பக்கத்து ஈறை லேசா அழுத்தினா கசியும், உப்பும் நாத்தமுமா சுவை வரும், கூடவே கன்னம் சூடாகிக் கெட்டிப்படும்.

வலியைப் பொறுத்தவரை அளவைவிடத் திசைதான் முக்கியம். மெதுவா இறங்கினாலும் இறங்கிக்கிட்டே இருக்கணும். இறங்கிட்டு, அப்புறம் மறுபடி ஏறினா கவனிக்கணும். 10க்கு 6 வலி நாளைக்கு 5 ஆனா பொறுக்கலாம். 3க்கு வந்த வலி நாலாம் நாள் 7 ஆனா பொறுக்கக் கூடாது.

கழுத்துவரை மஞ்சளும் பச்சையுமா நிறம் இறங்கினா அது கன்றிப்போனது. தானா போயிடும்.

---

மில்லிகிராம்

மாத்திரை விஷயம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாதி அவதி இங்கேதான் வருகிறது.

இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்துப் போடலாம். சேர்த்துப் போடத்தான் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஐபுபுரூஃபென் புண் இருக்கும் இடத்தில் வீக்கத்தைத் தூண்டும் ரசாயனம் உருவாவதைத் தடுக்கும். பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையின் பக்கம் வேலை செய்யும். வழி வேறு என்பதால் ஒன்றை மட்டும் இரட்டிப்பாக்குவதைவிட இரண்டும் சேர்ந்தால் வலி நன்றாக அடங்கும். பல் எடுத்த வலிக்கு இந்த ஜோடி, ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) கலந்த மாத்திரைகளுக்குக் குறைந்ததல்ல. மயக்கம், வாந்தி, மலச்சிக்கலும் இல்லை.

வலி வந்த பிறகு போடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். விழுங்கியது வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் வலி ஏறிவிட்டால் அடக்குவது கஷ்டம். வீக்கம் இறங்கும்வரை மணி பார்த்துப் போட வேண்டும்: காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 12. இரவு வேளையைத் தூக்கத்துக்காக விட்டால் விடிகாலையில் வலி எழுப்பிவிடும். ஐபுபுரூஃபென் வெறும் வயிற்றில் வேண்டாம். நாலு கரண்டி தயிராவது உள்ளே போயிருக்கட்டும். நாலைந்து நாளுக்குப் பிறகு தேவைக்கு மட்டும். முதலில் ஐபுபுரூஃபெனைக் குறைத்துவிடுங்கள்.

உச்சவரம்பு: பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டவே கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே என்றாலோ, கல்லீரல் கோளாறோ தினசரி மதுப்பழக்கமோ இருந்தாலோ வரம்பு இன்னும் குறைவு, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஐபுபுரூஃபென் டாக்டர் சீட்டு இல்லாமல் என்றால் 1200 மி.கி.யோடு நிறுத்த வேண்டும். உங்கள் சீட்டில் உள்ளபடி நாலு வேளை என்றால் 1600 ஆகிறது. எழுதிக் கொடுத்த நாட்களுக்கு அது சரி, அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, சளி மாத்திரையிலும் "உடம்பு வலி" மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் படிக்காமல் கூடச் சேர்த்தால் கணக்கு தப்பும். இரண்டு, டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் ஐபுபுரூஃபெனின் இனம்தான். "இது கேட்கலை, அதையும் போடு" என்று ஒன்றின் மேல் ஒன்று போட்டால் வலி கூடுதலாகக் குறையாது, வயிறும் சிறுநீரகமும்தான் அடிவாங்கும்.

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கு: வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமா, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து, 20 வாரம் தாண்டிய கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஐபுபுரூஃபென் தானாக எடுத்துக்கொள்ளும் மருந்தல்ல. அதேபோல் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் பல்லுக்காக அதைத் தானாக நிறுத்தவும் கூடாது.

ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் சொன்ன நாள்வரை. கொடுக்கவில்லை என்றால் வீக்கத்தைப் பார்த்துப் பயந்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் வீக்கம் பெரும்பாலும் கிருமியால் வருவதல்ல. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் அது முடிந்து குறைந்தது இரண்டு மூன்று நாள்வரை மது கூடாது.

---

கொப்பளிப்பு

சுத்தம் பத்தி.

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. அது தாண்டிவிட்டது. இப்போது கொப்பளிக்காமல் இருப்பதுதான் தவறு. 240 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் ஒரு மடக்கு வைத்துக்கொண்டு தலையை வலம், இடம், பின்னால் என்று மெதுவாகச் சாய்த்தால் போதும், தண்ணீர் தானாகக் குழியில் ஓடும். கன்னத்தை உப்பி அடித்துக் கொப்பளிப்பதும் "தூ" என்று துப்புவதும்தான் ரத்தக்கட்டியைப் பெயர்க்கும். பேசினுக்கு மேலே குனிந்து உதட்டைத் திறந்தால் அதுவாக விழுந்துவிடும். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும், படுக்கும் முன்பும். ஸ்ட்ரா இன்னும் ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

குளோர்ஹெக்சிடின் (கிருமியைக் கொல்லும் கொப்பளிக்கும் மருந்து) கொடுத்திருந்தால் ஒரு நாளைக்கு இரண்டே முறை, பல் துலக்கி அரை மணி நேரம் கழித்து. பேஸ்ட்டில் உள்ள நுரைக்கும் பொருள் அதைச் செயலிழக்கச் செய்யும் என்பதால்தான் அந்த இடைவெளி. நாக்கு ருசி மாறும், பல்லில் பழுப்புக் கறை படியும். கறையைச் சுத்தம் செய்துவிடலாம். ஒரு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

பிரஷ்: வாய் ஒரு விரல்தான் திறக்கிறது என்பதற்காகத் துலக்காமல் விடாதீர்கள். குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ், மென்மையானது. பற்களை மூடிக்கொண்டே கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் பிரஷ்ஷைப் பின்னால்வரை நகர்த்தலாம். முக்கியமான இடம் ஞானப்பல்லுக்கு முன்னால் இருந்த கடைவாய்ப்பல்லின் பின்பக்கம். எல்லோரும் பயந்து விட்டுவிடுகிற இடம் அதுதான், வாய் நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். தையலைத் தொடாமல் அந்தப் பல்லை மட்டும் தடவிவிட்டால் போதும்.

சிரிஞ்ச்: இன்று வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்குவது வழக்கம். ஐந்தா ஏழா என்பது தையலைப் பொறுத்தது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கீழ்க்குழிகளுக்கு மட்டும். மேலே சைனஸ் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) பக்கத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் பீய்ச்சக் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஏற்றி, கண்ணாடி முன்னால் டார்ச்சோடு நின்று, கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள குழியின் வாயில் முனையை வைக்க வேண்டும். ஓட்டையை அடைத்தமாதிரி உள்ளே சொருகினால் தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் திசுவுக்குள் அழுத்தும், வலிக்கும். முனைக்குச் சுற்றிலும் இடம் இருக்கட்டும். மெதுவாக அழுத்தி இரண்டு மூன்று சிரிஞ்ச், வெளியே வரும் தண்ணீரில் துணுக்கு எதுவும் இல்லாமல் தெளியும்வரை. முதல் நாள் லேசாக இளஞ்சிவப்பு தெரிந்தால் பரவாயில்லை. குழி ஆழமில்லாமல் ஆகிற வரைக்கும், அதாவது மூன்று நான்கு வாரம், சாப்பிட்ட பிறகு செய்ய வேண்டும். ரெண்டாம் வாரம் வலி போனதும் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு.

தையல் கறுப்பு நூல் என்றால் பெரும்பாலும் பட்டு, ஒரு வாரத்தில் போய் எடுக்க வேண்டும். கரையும் நூல் என்றால் வகையைப் பொறுத்து ஒரு வாரத்திலிருந்து மூன்று நான்கு வாரத்துக்குள் தானாக உதிரும். பாதி அவிழ்ந்து நாக்கில் உரசினால் இழுக்காதீர்கள், போய் நறுக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

சாப்பாட்டில் "மறுபக்கம் மெல்லுங்க" என்ற அறிவுரை இவங்களுக்கு உதவாது, இரண்டு பக்கமும் எடுத்திருப்பதால். இன்னும் சில நாள் மெல்லாமல் நாக்கால் மசித்து விழுங்கக் கூடியதே சரி: தயிர், கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, குழைய வேகவைத்த பருப்பு, கலக்கிய முட்டை. ஸ்பூனால், சூடு தணிந்த பிறகு. புரதம் குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும், வெறும் ஜூஸ் போதாது. எள், கடுகு, கசகசா மாதிரி பொடி விதைகள், சிப்ஸ், பாப்கார்ன், கடலை எல்லாம் குழி மூடும்வரை வேண்டாம். வலியெடுப்பதற்காக இல்லை, உள்ளே போய் உட்கார்ந்தால் எடுப்பது சிரமம் என்பதற்காக.

---

படிக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. மாத்திரையை மணிப்படி ஆக்கிவிட்டோம். இப்போது பல் துலக்கியபோது எச்சிலில் கொஞ்சம் ரத்தம். மறுபடி காஸ் துணி கடிக்கவைக்கணுமா? இன்னொன்று, எல்லோரும் பயமுறுத்தும் டிரை சாக்கெட், வந்தால் எப்படித் தெரியும்? வராமல் இருக்கச் செய்ய ஏதாவது உண்டா?

---

கைவைத்தியம்

கிராம்பு எண்ணெய்ல பஞ்சை நனைச்சு குழியில வெச்சிடுங்க. டிரை சாக்கெட்டுக்கு டாக்டர் வைக்கறதும் கிராம்புல இருக்கற அதே யூஜெனால்தான். வர்றதுக்கு முன்னாடியே வெச்சா வராது.

---

கடைவாய்

@கைவைத்தியம் முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி ஆபத்து. யூஜெனால் வலியைத் தணிக்கும், டாக்டர் வைக்கற மருந்துத் திரியில அது இருக்கும். ஆனா அது அளவா கலந்தது, குழியைக் கழுவின பிறகு வைக்கறது. சுத்தமான கிராம்பு எண்ணெய் நேரா ஈறுல பட்டா திசுவைச் சுட்டுடும். பஞ்சோட நார் குழிக்குள்ள மாட்டினா அதுவே புண்ணை ஆறவிடாது. எல்லாத்துக்கும் மேல, இவங்க குழியில நல்ல கட்டி இருக்கு. அதுமேல பஞ்சை அடைச்சா இல்லாத பிரச்சினையை நாமே வரவழைச்சமாதிரி. வேண்டாம்.

ரத்தம்: ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிடும். இளஞ்சிவப்பா எச்சில் வந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம், உக்காந்து இருந்தா நின்னுடும். வாயில ரத்தம் தேங்கினாலோ, கல்லீரல் துண்டு மாதிரி கட்டியா வந்தாலோதான் காஸ். அப்போ துணியைத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, தடிமனா மடிச்சு, நேரா குழிமேல படற மாதிரி வெச்சு 30-45 நிமிஷம் விடாம கடிக்கணும். காய்ஞ்ச துணி கட்டியோட ஒட்டிக்கும், எடுக்கும்போது பேத்துக்கிட்டு வரும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து "நின்னுதா"ன்னு பாக்கறதும் அதே வேலையைத்தான் செய்யும். துணி மெல்லிசா இருந்தா முன்பல்லு ரெண்டும் முட்டிக்கும், குழிமேல அழுத்தமே விழாது. நிக்காததுக்கு முக்காவாசி காரணம் இதுதான். காஸ் இல்லைன்னா நனைச்ச பிளாக் டீ பை, அதுல இருக்கற டானின் ரத்தத்தை உறையவைக்க உதவும். இப்படி ரெண்டு சுற்று ஒழுங்கா கடிச்சும் நிக்கலைன்னா போன் பண்ணுங்க.

டிரை சாக்கெட்: குழியில இருக்க வேண்டிய ரத்தக்கட்டி கரைஞ்சோ பெயர்ந்தோ போய் எலும்பு வெளிய தெரியற நிலை. ரெண்டாம் நாளுக்கு முன்னாடி அநேகமா வராது, மூணாம் நாலாம் நாள்தான் வழக்கம், ஒரு வாரம் தாண்டிட்டா பயம் போச்சு. அடையாளம்: இறங்கின வலி மறுபடி ஏறி, காதுக்கும் பொட்டுக்கும் இழுக்கும். நேத்துவரைக்கும் கேட்ட மாத்திரை இன்னைக்குக் கேக்காது. வாயில கெட்ட சுவை, நாத்தம். குழியைப் பாத்தா கட்டிக்குப் பதிலா வெறும் சாம்பல் வெள்ளை எலும்பு. காய்ச்சலோ சீழோ பொதுவா இருக்காது, ஏன்னா இது கிருமித் தொற்று இல்ல. அதனாலதான் ஆன்டிபயாடிக் இதுக்கு உதவாது. லேசா காதுவலியும் விழுங்கும்போது தொண்டைவலியும் மட்டும் இருந்தா அது வேற, பக்கத்துத் தசை வீங்கினதால வர்றது.

கீழ் ஞானப்பல்லுலதான் இது அதிகம். எலும்பைக் குடைஞ்ச பல், புகை, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, எடுக்கறதுக்கு முன்னாடியே ஈறு பழுத்திருந்தது, இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சவங்களுக்கும் வரும், அதனால வந்தா தங்கையைத் திட்டாதீங்க. டாக்டர் குழியைக் கழுவி மருந்துத் திரி வெச்சா அப்பவே வலி நல்லா விட்டுடும். திரியை ரெண்டு நாளைக்கு ஒருதரம்போல மாத்துவாங்க, ஒரு வாரம் பத்து நாள்ல எலும்பு மேல திசு மூடிடும்.

---

நரம்புவழி

எல்லோரும் வீக்கத்தைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த உதடுதான் உறுத்துகிறது.

மரப்பு ஊசியின் வேலை உதட்டில் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து மணி நேரம். நீண்டநேரம் நிற்கும் புபிவகைன் போட்டிருந்தால்கூட அரை நாளில் தீர்ந்துவிடும். 60 மணி நேரத்துக்குப் பிறகும் மரத்திருக்கிறது என்றால் அது ஊசி இல்லை, கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது அல்லது வீக்கத்தில் அழுந்தியிருக்கிறது. படுத்துக் கிடந்த பல்லின் வேர் அந்த நரம்புக் குழாயை ஒட்டியே இருப்பதுண்டு. அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை, ஆனால் அடுத்த சோதனைத் தேதி வரை காத்திருக்கவும் கூடாது. இன்றே டாக்டருக்குச் சொல்லி அவருடைய பதிவில் ஏற வேண்டும். பிறகு தேறுகிறதா என்று ஒப்பிட அடிப்படை வேண்டும் அல்லவா.

நீங்களும் ஒரு அளவு எடுத்துவைக்கலாம். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் நல்ல பக்கத்திலிருந்து மரத்த பக்கம் நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். உணர்வு மாறும் இடத்தில் சொல்லச் சொல்லி, கண்மை பென்சிலால் புள்ளி வையுங்கள். சுற்றிலும் இப்படி வைத்து வட்டம் முடிந்ததும் ஒரு போட்டோ. வாரம் ஒருமுறை இதையே செய்தால் வட்டம் சுருங்குகிறதா என்று தெரியும். எறும்பு ஊர்வது, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வந்தால் பயப்பட வேண்டாம், நரம்பு விழித்துக்கொள்வதன் அடையாளம் அது. பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் திரும்பிவிடும். எந்த மாற்றமும் இல்லாமல் மூன்று மாதம் போகவிடக் கூடாது. அதற்கு முன்பே நரம்புச் சிகிச்சை தெரிந்த முகத்தாடை நிபுணர் பார்க்க வேண்டும். நாக்கின் ஒரு பக்கம் மரத்திருந்தால் அது வேறு நரம்பு, அங்கே இன்னும் சீக்கிரம் காட்டுவது நல்லது. உதடு அசைவது, சிரிப்பு கோணாமல் இருப்பது எல்லாம் இதனால் பாதிக்காது. தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வதுதான் நடைமுறைத் தொல்லை.

மேல் பல் பற்றி யாரும் சொல்லவில்லை. அதன் வேருக்கு மேலேயே சைனஸ் அறை. இடையில் உள்ள எலும்பு சில பேருக்குத் தாள்போல மெல்லியது. அதனால் இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும், பலூன் ஊதுவது, காற்றிசைக் கருவி எதுவும் வேண்டாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தால், அல்லது குழியில் காற்று குமிழியிட்டால் வாய்க்கும் சைனஸுக்கும் வழி திறந்திருக்கிறது. சிறியது தானாக மூடும், பெரியதை டாக்டர் மூட வேண்டியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதிப் பார்த்து வீட்டில் சோதிக்காதீர்கள், மூடிக்கொண்டிருக்கும் துளை அதிலேயே திறந்துவிடும்.

---

கொப்பளிப்பு

அவசரத்துக்கு ஓட வேண்டியதையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நாக்குக்கு அடியில் தளம் வீங்கி நாக்கை மேலே தூக்குவது, தாடைக்குக் கீழே கழுத்து பலகைபோல் கெட்டியாவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் அடைபடுவது, மூச்சுத் திணறல், கண்ணை மூடும் அளவுக்கு வீக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரின் போனுக்குக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி. மாத்திரை போட்ட பிறகு உடம்பில் தடிப்பும் மூச்சிரைப்பும் வந்தாலும் அப்படியே.

முதல் ஒன்றிரண்டு நாள் லேசான சூடு இயல்பு. இனிமேல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால், அதுவும் வீக்கம் ஏறுமுகமாக இருந்தால், அதே நாளில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும். அதனால் அடுத்த வேளை போடுவதற்குச் சற்று முன்னால் அளந்து பாருங்கள்.

---

மில்லிகிராம்

ஒரு திருத்தம்போல: @கடைவாய் சொன்ன வலி மதிப்பெண்ணையும் அதேபோல மாத்திரை போடுவதற்குச் சற்று முன் எழுதுங்கள். போட்ட ஒரு மணி நேரத்தில் கேட்டால் எல்லா நாளும் 2 என்றுதான் வரும், திசை தெரியாது.

---

கடைவாய்

சரியான பாயின்ட்.

இன்னும் ஒண்ணு, எல்லாம் ஆறிடுச்சுன்னு நினைக்கற நேரத்துல வர்ற விஷயங்கள். ஈறு மூடறதுக்கு ஒரு மாசம்போல ஆகும், உள்ளே எலும்பு நிரம்பறதுக்குப் பல மாசம். எலும்பைக் குடைஞ்ச இடத்துல தாடை முதல் ஒண்ணரை மாசம் வலு குறைஞ்சே இருக்கும். ரெண்டு மூணு வாரத்துல வலி போனதும் கெட்டியானதைக் கடிச்சு, "டக்"னு சத்தம் கேட்டு, பல் முன்னமாதிரி சேரலைன்னா எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், உடனே எக்ஸ்ரே. அடிபடற விளையாட்டும் அதுவரை வேண்டாம். சாதாரண நடை இப்பவே நடக்கலாம். கனமான எடை, குனிஞ்சு நிமிர்ற உடற்பயிற்சி ஒரு வாரம் கழிச்சு.

மூணு நாலு வாரம் கழிச்சு, நல்லா இருந்த கன்னம் திடீர்னு ஒரு பக்கம் வீங்கினா அது இப்ப இருக்கற வீக்கத்தோட தொடர்ச்சி இல்ல. ஈறு மேல மூடிக்கிட்டு, கீழே மாட்டின துணுக்கு பழுத்திருக்கும். அதுக்கு டாக்டர் திறந்து கழுவணும். சிரிஞ்சை ரெண்டாம் வாரமே நிறுத்தக் கூடாதுன்னு மேலே சொன்னதோட காரணம் இதுதான்.

அப்புறம், நாக்குப் பக்கத்துல கூர்மையா ஏதோ குத்துதுன்னு சொன்னா "பல்லோட துண்டை உள்ளே விட்டுட்டாங்க"ன்னு முடிவு கட்டாதீங்க. பெரும்பாலும் குழியோட விளிம்பு எலும்பு, இல்லைன்னா உதிர்ந்து வெளிய வர்ற சின்ன எலும்புச் சில்லு. தானா விழுந்தா சரி. நாக்கைக் கிழிக்கற மாதிரி இருந்தா டாக்டர் ரெண்டு நிமிஷத்துல ராவி விட்டுடுவாங்க. நகத்தால நோண்ட வேண்டாம்.